உள்ளே வர எத்தனை நிமிடம்? தனியாக வசிக்கும் ஒரு பெரியம்மாவின் வீட்டுக் காவல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம். அங்கே ஒரு தெரு வீட்டில் 71 வயதுப் பெண்மணி தனியாக இருந்துவந்தார். எனக்குப் பெரியம்மா. பெரியப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மூத்த மகன் துபாயில், இளையவர் பெங்களூரில். நான் பாளையங்கோட்டையில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். பஸ் பிடித்துப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஏற்பாட்டைக் கையால் செய்தவன் நான்தான் என்பதால், சரியாகச் செய்ததையும் தவறாகச் செய்ததையும் என்னால் நேரடியாகச் சொல்ல முடியும்.

வீட்டின் அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அகலம் 16 அடி, நீளம் 110 அடி. முன்னால் திண்ணையும் தார்சாவும் (முன்னறை), அதைத் தாண்டிப் பட்டாசல் (நடுக்கூடம்), திறந்த முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை. அதற்கும் பின்னால் புறவாசல்: கிணறு, மாடு இல்லாத தொழுவம், குளியலறை, கடைசியில் மதிலும் ஒரு இரும்புக் கதவும். மதிலுக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டம். வீட்டின் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தெருவில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். புறவாசலில் பகலிலேயே ஆள் நடமாட்டம் கிடையாது.

2023 செப்டம்பரில் பெரியம்மா சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்கினார். திரும்பி வந்தபோது புறவாசல் கதவின் நாதாங்கி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பித்தளை அண்டா, ஒரு தவலை, ஒரு ஜோடி குத்துவிளக்கு, பீரோவில் இருந்த 4,000 ரூபாய் போயிருந்தன. நகை பேங்க் லாக்கரில் இருந்ததால் தப்பியது. பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தவலை அவருடைய அம்மா சீராகக் கொடுத்தது. அதை மட்டும் பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். வந்து பார்த்த ஏட்டு ஒன்று சொன்னார்: “வெளியூர் போறதா இருந்தா ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா, ராத்திரி ரோந்து வர்றவங்க எட்டிப் பார்ப்பாங்க.” செலவே இல்லாத இந்த யோசனையைப் பெரியம்மா இன்றுவரை கடைப்பிடிக்கிறார். நாங்கள் மற்றவர்கள் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

முதல் முயற்சி: நான்கு கேமரா

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அன்றிரவே பேச்சு கேமராவுக்குப் போய்விட்டது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் வயதான தம்பதி முகமூடித் திருடர்களை விரட்டியடித்த வீடியோவை மூத்தவர் மறுபடி அனுப்பினார். நம் பக்கத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த வருடச் சுதந்திர தினத்தில் அந்தத் தம்பதிக்கு அரசு வீர விருதும் கொடுத்தது. “கேமரா இருந்ததாலதான் தெரிஞ்சது” என்றார் அவர். அது உண்மைதான். ஆனால் அந்த வீடியோவில் அரிவாளோடு வந்தவர்களை ஓட வைத்தது பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்பும், கூடவே ஒருத்தருக்கு ஒருத்தராக இரண்டு பேர் இருந்ததும். கேமரா பதிவு மட்டும்தான் செய்தது. பெரியம்மா வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. இதை நான் அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபரில் இளையவர் ஆன்லைனில் நான்கு வைஃபை கேமரா வாங்கி அனுப்பினார். எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். கேபிள்காரரிடம் ஃபைபர் இணைப்பு வாங்கி, தார்சாவில் ரவுட்டரை வைத்தோம். தெருவைப் பார்த்து ஒன்று, பட்டாசலில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, புறவாசலில் ஒன்று.

புறவாசல் கேமரா முதல் நாளே தகராறு செய்தது. இந்த விலைக்குக் கிடைக்கும் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் ஓடும். திறந்த வெளியில் தாராளமாகப் போகும் அந்த அலை, ஐந்து காரைச் சுவரைத் தாண்டி 100 அடி போகவில்லை. திருடன் வந்த இடத்தைத் தவிர மற்ற மூன்று இடமும் நன்றாகத் தெரிந்தன.

அடுத்தது அறிவிப்புகள். முற்றத்தில் இறங்கும் மயில், ஓட்டின் மேல் ஓடும் பூனை, இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்கு முன்னால் வலை பின்னும் சிலந்தி என்று எல்லாவற்றுக்கும் துபாயிலும் பெங்களூரிலும் போன் ஒலித்தது. ஒன்பதாவது நாள் மூத்தவர் அறிவிப்பை அணைத்துவிட்டார். இளையவர் இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மயிலைப் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போக யாராலும் முடியாது.

மூன்றாவது விஷயம்தான் என்னை மிகவும் வருத்தியது. தீபாவளிக்கு முன் நான் போனபோது பட்டாசல் கேமரா மேல் ஒரு துண்டு தொங்கியது. கேட்டேன். “ஏய்யா, என் வீட்டுல நானே ஒளிஞ்சி இருக்கணுமா? மதியம் சேலையத் தளத்திட்டுக் கால நீட்டிப் படுக்க முடியல. பேரன் போன்ல கூப்பிட்டு ‘ஆச்சி தூங்குதீங்களா’ன்னு கேக்கான்” என்றார். இரண்டு வாரமாக அவர் பட்டாசலில் உட்காரவே இல்லை. அடுக்களையிலேயே பலகை போட்டு இருந்திருக்கிறார். அவர் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று வைத்த பொருள், அவருடைய வீட்டில் பாதியை அவரிடமிருந்து பறித்திருந்தது.

வீட்டைச் சுற்றி நடந்தபோது கண்டது

அன்று இரவு நான் அங்கேயே தங்கினேன். ஏழு மணிக்கு விளக்கு வைத்த பிறகு, திருடும் எண்ணத்தோடு வருகிறவன் எப்படி வருவானோ அப்படி, வாழைத்தோட்ட வரப்பிலிருந்து மதில் வரை நடந்து பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் 9,400 ரூபாயில் பாதி மிஞ்சியிருக்கும்.

புறவாசல் முழு இருட்டு. மதில் ஐந்து அடிதான், ஓர் ஓரத்தில் வேப்பமரம் சாய்ந்து ஏணி மாதிரி நின்றது. கதவு நல்ல தேக்கு, ஆனால் நிலையைச் செல் அரித்திருந்தது. நாதாங்கியைப் பிடித்திருந்தது முக்கால் அங்குல ஸ்க்ரூ நான்கு. அதை எடுக்கத் திருடனுக்கு ஒரு கம்பி போதும். முற்றத்துக்கு மேலே அழிக்கம்பி போட்டிருந்தார்கள், ஆனால் ஒரு மூலையில் துருப்பிடித்து இரண்டு கம்பி கையோடு வந்தது. தொழுவத்தில் மண்வெட்டி, கடப்பாரை, ஏணி எல்லாம் திறந்து கிடந்தன. வருகிறவன் வெறுங்கையோடு வந்தால் போதும்.

பெரியம்மாவின் ஒரு நாளையும் எழுதி வைத்தேன். விடியற்காலை ஐந்துக்குள் எழுந்து புறவாசல் கதவைத் திறந்து குளியலறைக்குப் போகிறார். ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம். மதியம் முன்கதவு சும்மா சாத்தியிருக்கும். ராத்திரி எட்டரைக்குப் படுக்கை. இரண்டு தடவையாவது எழுந்து பின்னால் போவார். போன் சார்ஜில் தார்சாவில் இருக்கும். எங்கே போனாலும் கூடவே போவது இடுப்பில் சொருகிய சுருக்குப்பை ஒன்றுதான்.

பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணாச்சி, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடும் மருமகளோடும் இருக்கிறார். என்ன நடந்தாலும் மூன்று நிமிடத்தில் வரக்கூடியவர் அவர்தான். துபாய்க்காரரின் போனில் மணி அடித்தால், அவர் அங்கிருந்து இந்த அண்ணாச்சியைத்தான் கூப்பிட வேண்டும். அப்படியானால் மணியை நேரே அண்ணாச்சி வீட்டில் அடிக்க வைப்பதுதானே முறை?

மறுபடி எடுத்த முடிவுகள்

2023 நவம்பரில் பட்டாசல், முற்றத்துக் கேமராக்களைக் கழற்றினேன். வீட்டுக்குள் கேமரா இல்லை என்பதைப் பெரியம்மாவிடம் வாக்காகவே கொடுத்தேன். மூத்தவருக்கு இதில் சம்மதமில்லை. “தெனமும் நாலு தடவை போன் பண்ணுங்க, அது கேமராவைவிட நல்லாருக்கும்” என்றேன். தெருக் கேமராவில் எதிர்வீட்டுத் திண்ணை முழுக்கத் தெரிந்தது. அங்கே மதியத்தில் பெண்கள் உட்காருவார்கள். கோணத்தைத் தாழ்த்தி, ஆப்பில் அந்தப் பகுதியை மறைத்தும் வைத்தேன். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, ஓ.டி.பி. இல்லாமல் வேறு போனில் நுழைய முடியாதபடி செய்தேன்.

அப்புறம் கதவு. ஆசாரியை வரவழைத்து, நிலையில் செல் அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுக்கட்டை சேர்த்தோம். நாதாங்கிக்குப் பின்னால் இரும்புப் பட்டை வைத்து மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டார். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் உள்பக்கம் குறுக்குச் சட்டம். வெல்டிங் பட்டறையில் அழிக்கம்பியைச் சரிசெய்தோம். வேப்பமரத்தில் சாய்ந்த கிளையை வெட்டினோம். கடப்பாரையும் ஏணியும் இரண்டாங்கட்டுக்குள் போயின. இவ்வளவுக்கும் 7,500 ரூபாய். மொத்த ஏற்பாட்டிலும் அதிகப் பலன் கொடுத்த செலவு இதுதான் என்பது என் கணிப்பு.

அலாரத்துக்கு ஆப்பும் இன்டர்நெட்டும் தேவைப்படாத சாதாரண பேனல் (கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒன்றை எடுத்தேன். சிம் கார்டு போட்டால் தானாக ஐந்து எண்களுக்குக் கூப்பிடும். சென்சார்கள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. அதிர்வெண் குறையக் குறையச் சுவரைத் தாண்டும் திறன் கூடும், அதனால் வைஃபை தோற்ற இடத்தில் இது தேறியது. சிம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. விலை குறைந்த பேனல்கள் பழைய 2ஜி நெட்வொர்க்கில் வேலை செய்பவை. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் வேறு நிறுவன சிம் போட்டேன். தெரியாமல் போட்டிருந்தால் எல்லா விளக்கும் எரியும், கால் மட்டும் போகாது.

பொருத்தியதும் பட்ட பாடும்

முன்கதவு, பின்கதவு, மதில் இரும்புக் கதவு ஆகிய மூன்றுக்கும் காந்தச் சென்சார். நிலையில் ஒரு பாதி, கதவில் காந்தப் பாதி. இரண்டும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் பேனலுக்குத் தகவல் போகும். இரும்புக் கதவில் நேராக ஒட்டியபோது வேலை செய்யவில்லை; இரும்பு காந்தத்தின் விசையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு அங்குல மரக்கட்டை கொடுத்து ஒட்டியதும் சரியாயிற்று. ஐப்பசி மழையில் பின்கதவு ஊறிப் பருத்து, முழுதாகச் சாத்தவில்லை. சென்சார் திறந்தே இருப்பதாகப் பேனல் சொன்னது. ஆசாரி இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவிய பிறகே அடங்கியது.

இரண்டாங்கட்டு வழியில் உடம்புச் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் ஒன்று, ஏழு அடி உயரத்தில். அதை நோக்கி நேரே நடந்து வருகிறவனைவிடக் குறுக்கே கடப்பவனை அது சீக்கிரம் பிடிக்கும். அதனால் வழியின் நீளத்தைப் பார்த்து வைக்காமல் பக்கச்சுவரில் வைத்தேன். பெரியம்மா இரவில் எழுந்து நடப்பவர் என்பதால், அவர் வீட்டில் இருக்கும்போது இது உறங்கும், கதவுகள் மட்டும் விழித்திருக்கும். ஊருக்குப் போனால்தான் முழுக் காவல்.

ரிமோட்டில் நான்கு பொத்தான். பூட்டுப் படம் போட்ட பொத்தான்கள் பெரியம்மாவுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. தேவையில்லாத ஒன்றை டேப் சுற்றி மூடினேன். காவலை வைக்கும் பொத்தானிலும் எடுக்கும் பொத்தானிலும் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர். அவசரப் பொத்தானில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவரே ஒட்டினார். ரிமோட் சுருக்குப்பைக்குள் போயிற்று, வெற்றிலைக்கும் பாக்குக்கும் கூட.

சைரன் இரண்டு. ஒன்று புறவாசலில். இன்னொன்றைப் பொதுச்சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்து அண்ணாச்சி வீட்டு இரண்டாங்கட்டில் வைத்தேன். அலாரம் அடித்தால் புறவாசல் விளக்கும் எரியும். பேனல் கூப்பிடும் வரிசையில் முதல் எண் அண்ணாச்சி, இரண்டாவது அவர் மருமகள், மூன்றாவது நான். மகன்கள் அப்புறம்தான். இது அவர்களுக்கு முதலில் வலித்தது.

ஒயர் இழுத்த அன்று அண்ணாச்சி கேட்ட கேள்வியை இங்கே எழுதியாக வேண்டும். “தம்பி, மணி அடிச்சா நான் வந்துருவேன். ரெண்டு கதவுக்கும் சட்டம் போட்டுட்டீங்களே, எப்படி உள்ள வர?” நான், “பெரியம்மா கதவைத் திறந்துருவாங்க அண்ணாச்சி” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையைப் பற்றித் தென்மாவட்டத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இங்கே தாமிரபரணியும் கால்வாயும் ஒன்றாகிப் புறவாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஞாயிறு காலையில் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் ஓடிய ரவுட்டரும் கேமராவும் மாலைக்குள் நின்றன. திங்கட்கிழமை செல்போன் டவரும் போனது. பேனலில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 150 மில்லியாம்பியர். கணக்குப்படி 46 மணி நேரம் வர வேண்டும்; 36 மணி நேரத்தில் படுத்துவிட்டது. பேட்டரியை அடிமட்டம் வரை யாரும் வற்ற விடுவதில்லை, கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும் என்பது என் தொழிலில் தினமும் பார்ப்பது. அதை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணாச்சி திங்கட்கிழமை இரவு இடுப்பளவு தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பெரியம்மாவைத் தன் வீட்டு மச்சுக்கு அழைத்துப் போய்விட்டார். சாலை அறுபட்டதால் நான் புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் சேதம் அதிகமில்லை. பேனல் பேட்டரியை இரட்டிப்பாக்கினேன். அதோடு, டார்ச் செல்லில் ஓடும் ஒயரில்லாக் காலிங் பெல் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கி, பொத்தானைப் பெரியம்மா கட்டிலிலும் மணியை அண்ணாச்சி வீட்டிலும் வைத்தேன். கரண்ட், டவர், இன்டர்நெட் எதுவும் இல்லாவிட்டாலும் அடிக்கும்.

கோடையும் காற்றும்

2024 ஏப்ரலில் ஒரு சோதனையின்போது பேனல் யாரையும் கூப்பிடவில்லை. சிம்மின் 28 நாள் ரீசார்ஜ் முடிந்து போயிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வருடத் திட்டத்துக்கு மாற்றி, ரீசார்ஜ் தேதியைப் பெரியம்மாவின் நாள்காட்டியில் எழுதி வைத்தேன்.

சித்திரை வெயிலில் பி.ஐ.ஆர். மந்தமாயிற்று. உடம்புச் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. மாலை நாலு மணிக்கு இரண்டாங்கட்டுச் சுவர் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருந்தபோது, நான் பத்தடி தள்ளி நடந்தும் அது அசையவில்லை. வெயில் காலத்தில் அதை நம்பக் கூடாது, கதவுச் சென்சார்தான் துணை. ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் வாழை இலை ஆட்டத்துக்குப் புறவாசல் கேமரா நாள் முழுக்கக் கூவியது. (அதற்குள் அடுக்களையில் இரண்டாவது ரவுட்டர் வைத்து அந்தக் கேமராவை இணைத்திருந்தேன்.) மதிலுக்கு மேலே உள்ள பகுதியை அசைவுக் கணக்கிலிருந்து நீக்கியதும் நின்றது.

ஆடி இரவும் அதன் பின்விளைவும்

2024 ஆடியில் பக்கத்துத் தெரு அம்மன் கோவில் கொடை விழா. ஊரே மேளச் சத்தத்தில் இருந்த இரவு, 2:15-க்கு மதில் கதவுச் சென்சார் அடித்தது. விளக்கு எரிந்தது, இரண்டு சைரனும் ஊளையிட்டன. அண்ணாச்சி பின் ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டார். மதில் மேல் ஒரு கால் அந்தப் பக்கம் போவது கேமராவில் ஆறு விநாடி பதிவாகியிருந்தது. முகம் இல்லை. காலையில் வரப்பில் காலடித் தடம். பதிவைப் போலீசில் கொடுத்தோம். யார் என்று தெரியவில்லை. பெரியம்மா பயந்திருந்தார், ஆனால் அவரிடம் எதுவும் போகவில்லை. ஏற்பாடு வேலை செய்தது என்று எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிதான் அடுத்த தவறுக்கு வழி காட்டியது. மூத்தவர் சொல்லி, நானும் ஒத்துக்கொண்டு, மதிலை இரண்டு அடி உயர்த்தினோம். அண்ணாச்சி வீட்டுப் பக்கச் சுவரையும் சேர்த்து, மேலே கண்ணாடிச் சில்லு பதித்தோம். மதில் கதவுக்கு உள்பக்கம் திண்டுக்கல் பூட்டு ஒன்று. ஒரு சாவிதான், அது அடுக்களை ஆணியில்.

தை மாத விடியல்

2025 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். பெரியம்மா வழக்கம்போல் விடியுமுன் பின்கதவைத் திறந்து குளியலறைக்குப் போனார். பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. சுருக்குப்பை இடுப்பில் இருந்தது. பொட்டு ஒட்டிய பொத்தானை அழுத்தினார். 5:04.

அண்ணாச்சி இரண்டு நிமிடத்தில் தெரு வாசலில் நின்றார். முன்கதவு தாழ்ப்பாளும் சட்டமும் போட்டிருந்தது. தட்டினார், கூப்பிட்டார். தன் வீட்டுப் புறவாசலுக்கு ஓடியபோது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது: “விழுந்துட்டேன், இடுப்ப அசைக்க முடியல.” நடுவில் ஏழு அடிச் சுவர், மேலே நாங்கள் பதித்த கண்ணாடி. வாழைத்தோட்டம் சுற்றி மதில் கதவுக்கு மருமகள் ஓடினார், உள்ளே பூட்டு. அண்ணாச்சிக்கு 64 வயது, ஏற முடியாது. பால் கறக்க வந்த பையனைக் கூப்பிட்டு, ஏணி தேடி, சில்லுகள் மேல் சாக்கைப் போட்டு, அவன் குதித்தான். உள்ளங்கை கிழிந்து நாலு தையல். அவன் பெரியம்மா பக்கத்தில் போனபோது 5:29 என்று கேமரா காட்டுகிறது.

25 நிமிடம். மார்கழிக் குளிர் போகாத தரையில், ஈரத்தில், மூன்று அடிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிந்தும் யாரும் வர முடியாமல் அவர் கிடந்தார். அந்தச் சுவரைக் கட்டச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

108 வந்தது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு என்றார்கள், ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் என் வீட்டில் இருந்தார். பங்குனியில் வாக்கரோடு ஊருக்குத் திரும்பினார். எங்களோடு வந்துவிடும்படி எல்லோரும் கேட்டோம். “என் வீட்டுல கெடக்கேன்யா, நீங்க சுவர மட்டும் பாருங்க” என்றார்.

மாற்றியவை

முதலில் கண்ணாடிச் சில்லுகளை உடைத்து எடுத்தோம். அடுத்ததைச் சொன்னது பெரியம்மாதான். இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவில் முன்பு ஒரு சின்னக் கதவு இருந்ததாம். கிணற்றுத் தண்ணீர் தகராறில் பெரியப்பா காலத்தில் அதைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். பூச்சுக்குள்ளே நிலையின் தடம் அப்படியே இருந்தது. அதைத் திறந்து இரும்புக் கதவு வைத்தோம். இரண்டு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டு. செலவு 11,000 ரூபாய், பாதி அண்ணாச்சி கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

முன்கதவின் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் நல்ல பூட்டு வைத்தேன். சட்டம் பின்கதவுக்கு மட்டும், அதுவும் பெரியம்மா ஊருக்குப் போகும்போது மட்டும். சாவிகள் ஒரு செட் அண்ணாச்சி வீட்டில். அவர் இல்லாத நாளுக்கு இன்னொரு செட் எதிர்வீட்டு அக்காவிடம். குளியலறைப் படியைச் சொரசொரப்பான கல்லாக மாற்றி, கைப்பிடி வைத்து, இரவு முழுக்க எரியும் சிறு விளக்கும் போட்டோம்.

இன்னொரு வீட்டுக்கு இதே வேலையை இன்று செய்யச் சொன்னால் நான் வரிசையை மாற்றுவேன். கூப்பிட்டால் வருகிறவர் யார், அவர் எந்தக் கதவு வழியாக எந்தச் சாவியோடு வருவார் என்பதை முதல் நாள் அவரோடு நடந்து பார்த்து முடிவு செய்வேன். அதற்குப் பிறகு நிலை, நாதாங்கி, வெளிச்சம். அப்புறம் செல்லில் ஓடும் மணி. கதவுச் சென்சாரும் பேனலும் அதற்கடுத்து. கேமரா கடைசி, வெளியே மட்டும். புதிதாக வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியைப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது. கையில் பணம் குறைவாக இருந்தால் கேமராவை விட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடலாம்.

மூத்தவர் இப்போதும் பட்டாசலில் ஒரு கேமரா வேண்டும் என்கிறார், விழுந்த பிறகு இன்னும் அழுத்தமாக. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. பெரியம்மா கூடாது என்கிறார், அவர் சொல்வதே நிற்கிறது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு சோதனை. பெரியம்மா குளியலறை வாசலில் நின்று பொட்டு ஒட்டிய பொத்தானை அழுத்துவார். அண்ணாச்சி தன் வீட்டில் எங்கே இருந்தாலும் அங்கிருந்து கிளம்பி, சின்னக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். மருமகள் போனில் நேரம் பார்த்து நாள்காட்டியில் எழுதுவார். ஆகஸ்டு மாதச் சோதனையில் எழுதியிருந்தது: 1 நிமிடம் 50 விநாடி.